ஒரு மார்க் குறைந்த முகம்

தென்காசிப் பக்கத்தில் ஒரு கல்லூரி. அதன் தாளாளர் ஆவுடையப்பன் சொன்னால் சொன்னதுதான். ப்ளஸ் டூவில் அறுநூற்றுக்கு ஐந்நூற்று எழுபது மார்க் எடுத்தவர்களுக்குக் கட்டணமே கிடையாது என்று சொல்லியிருந்தார். பீடி சுற்றுகிற அம்மாவின் மகள் மாரிக்கனி எடுத்தது ஐந்நூற்று அறுபத்தொன்பது. அந்த ஒரு மார்க்குக்காக அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஒண்ணுன்னாலும் குறைச்சல் குறைச்சல்தாம்மா. இதெல்லாம் ஒரு மார்க்கா?" என்றார் தாளாளர், அறையில் காத்திருந்த பெற்றோர்கள் காதிலும் விழும்படி.

"சரிங்கய்யா. அப்போ ஒரு கத்திரிக்கோல் மட்டும் குடுங்க."

"எதுக்கு?"

"நான் அப்ளிகேஷன் குடுத்த மறுநாளே, வாசல் பேனர்ல கல்லூரிக்குப் பெருமைன்னு என் படத்தையும் மார்க்கையும் போட்டு, பக்கத்துல நீங்க சிரிச்சுக்கிட்டு நிக்கீங்க. ஆகாத மார்க்கு உங்களுக்கு எதுக்கு? என் படத்தை மட்டும் வெட்டிக்கிடுதேன். எங்க கூரை ஒழுகுது. அம்மா படுக்கிற இடத்துக்கு மேல போட்டுக்கலாம்."

பெற்றோர்கள் ஜன்னல் வழியே பேனரைப் பார்த்தார்கள். பிறகு தாளாளரைப் பார்த்தார்கள். பேனரில் இருந்த சிரிப்பு அவர் முகத்தில் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"அம்மா படுக்கிற இடமா ஒழுகுது?" என்று கேட்டபோது குரல் இறங்கியிருந்தது.

மாரிக்கனி கட்டணமில்லாமல் சேர்ந்தாள். அட்மிஷன் முடிந்ததும் பேனரை வெட்டாமல் முழுசாக அவள் வீட்டுக்கே அனுப்பிவைத்தார்.

அந்த ஐப்பசி முழுக்கத் தாளாளர் கூரைமேல் சிரித்துக்கொண்டே நனைந்தார். கீழே அம்மா நனையாமல் தூங்கினாள்.