மஞ்சள் துணி கட்டிய லாரி

சங்ககிரிப் பக்கம் ராக்கியண்ணன் என்று ஒரு லாரி முதலாளி இருந்தாராம். தன் பழைய லாரிக்கு ஒரு சூப்பர்சார்ஜர் வாங்கி மாட்டினார். காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் அனுப்பி, வண்டிக்கு இழுவை கூட்டுகிற சாமான் அது. ஊர்க்கண் பட்டுவிடக் கூடாதே என்று, அது காற்று இழுக்கிற வாயில் மஞ்சள் துணியைத் தன் கையாலேயே இறுக்கிக் கட்டினார்.

"எவனாவது அவுத்தீங்க, கையை ஒடிச்சுப்போடுவேன்!"

மறுநாள் தொப்பூர் ஏற்றத்தில் லாரி கரும்புகை கக்கி நின்றுவிட்டது. சேதி கேட்டுக் காரில் வந்திறங்கிய முதலாளி, டிரைவர் மாதப்பன்மேல் பாய்ந்தார்.

"ஓட்டத் தெரியாதவனே! ஸ்பேனரும் வைக்கக் கூடாது, துணியையும் தொடக் கூடாது. சரி பண்ணு. இல்லைன்னா சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ."

மாதப்பன் தலையைச் சொறிந்தான்.

"கண்ணு பலமாப் பட்டிருக்குதுங்க மொதலாளி. வண்டிக்குச் சொந்தக்காரரே மூக்கையும் வாயையும் துண்டால இறுக்கிக் கட்டிக்கிட்டு வண்டியச் சுத்தி ஓடுனாக் கழிஞ்சுருமுங்க."

"அவ்வளவுதானா?"

கட்டிக்கொண்டு ஓடினார். இரண்டாம் சுற்றிலேயே கண் பிதுங்கியது. துண்டைப் பிடுங்கி எறிந்தார்.

"டேய், மூச்சு விட முடியலடா!"

"வண்டியும் அதையேதானுங்க சொல்லுது."

முதலாளி மஞ்சள் துணியைப் பார்த்தார். போய் அவரே அவிழ்த்தார். லாரி சீறிக்கொண்டு ஏறியது. முதலாளியும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தார். ஏற்றம் முடிந்ததும் வாயைத் திறந்தார்.

"நான் சுத்துனதும் கண்ணு கழிஞ்சுது, பாத்தியா?"

"பின்னே இல்லீங்களா!" என்று சிரித்துக்கொண்டே கியரை மாற்றினான் மாதப்பன்.