உள்ளே மடித்த துணி

குருவுக்கு முப்பத்து நாலு வயது. சிஷ்யைக்கு ஐம்பத்திரண்டு. மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், சரியாகத்தான் சொல்கிறேன்.

குருவின் பெயர் ஜரினா. கோபி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மருந்துக் கடை மாடியில் லேடீஸ் டைலர் கடை வைத்திருந்தார். துணி வெட்டுகிறவர் என்பதால் ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும்.

சிஷ்யை துளசிமணி. திருப்பூர் பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் செக்கிங்கில் நின்றவர். தைத்து வருகிற பனியனில் எங்கே நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் வெட்ட வேண்டும். பிசிறு வெட்டுவது என்று அதற்குப் பேர். பத்தொன்பது வருஷம் வெட்டிய கை சும்மா இருக்குமா? எதிலாவது ஏதாவது நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் துளசிமணிக்குக் கை பரபரக்கும். ஒரு முறை பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் சட்டைக் காலரில் தொங்கிய நூலைக் கேட்காமலே பிடுங்கி, வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கால் வலி தாங்காமல் கம்பெனியை விட்டவர், ஜரினாவிடம் தையல் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார். மாஸ்டர் அவரை அக்கா என்பார். அவர் மாஸ்டரை வாங்க போங்க என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் சிந்துஜா வந்தாள். கூட அவள் அம்மா. பையில் முகூர்த்தப் புடவை, நல்ல அரக்குச் சிவப்புப் பட்டு. கல்யாணத்துக்கு இருபத்து நாலு நாள் இருந்தது.

ஜாக்கெட் துணியும் அதே சிவப்பில் புடவையோடு சேர்ந்தே இருந்தது. மாஸ்டர் அதை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு புடவையைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டார்.

"முப்பத்தெட்டு."

துளசிமணி நோட்டில் எழுதினார்.

"முப்பத்து நாலுக்குத் தைச்சிருங்க்கா" என்றாள் சிந்துஜா.

"இப்ப முப்பத்தெட்டு இருக்குதே அம்முணி?" என்றார் மாஸ்டர்.

"கல்யாணத்துக்குள்ள எளைச்சிருவனுங்க்கா. இருபத்தோரு நாள் கோர்ஸ் இருக்குது. காலைல ஒரு பவுடர், மத்தியானம் வெள்ளரிக்கா, ராத்திரிக்குச் சுடுதண்ணி. அவ்வளவுதான்."

"பசிக்காதா?"

"பசிக்குமுங்க. பசிச்சா வாட்ஸப் குரூப்ல மெசேஜ் போடோணும். எல்லாரும் கை தட்டற பொம்மை அனுப்புவாங்க."

துளசிமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்டர் சிரிக்கவில்லை.

அம்மாக்காரி குரலைத் தாழ்த்தினாள். "நிச்சயத்தன்னிக்கு மாப்பிள்ளையோட அத்தை ஒரு சொல்லு சொல்லிப்போட்டாங்க மாஸ்டர். போட்டோல பாத்ததுக்குப் பொண்ணு ரெண்டு சுத்துப் பெருசா இருக்குதுன்னு. அன்னிக்கிருந்து புள்ளை சோத்துத் தட்டுல கை வெக்கலைங்க."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"பவுடரே நாந்தானுங்க வாங்கிக் குடுத்தேன்" என்றாள் அம்மாக்காரி. சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

மாஸ்டர் சிந்துஜாவிடம் கேட்டார். "இருக்கற அளவுக்கே தைக்கறேன். எளைச்சா அப்பறம் புடிச்சுக்கலாம். என்ன சொல்றே?"

"வேண்டாமுங்க்கா. லூசா இருந்தா மறுபடியும் திங்கச் சொல்லும். சின்னதாத் தைச்சு மாட்டி வெச்சாத்தான் பயம் இருக்கும்."

மாஸ்டர் டேப்பைச் சுருட்டினார். "சரி" என்றார்.

அவர்கள் படியிறங்கிப் போனதும் துளசிமணி கேட்டார். "ஏனுங் மாஸ்டர், ஒரு சந்தேகம். துணியை இருக்கற உடம்புக்கு வெட்டறதா, வரப்போற உடம்புக்கு வெட்டறதா?"

மாஸ்டர் துணியை மேஜையில் விரித்தார். முப்பத்தெட்டுக்கு வெட்டினார். முப்பத்து நாலுக்குத் தையல் ஓட்டினார். மீதித் துணி உள்பக்கம் இரண்டு சைடிலும் பட்டை பட்டையாக நின்றது.

"இதை அப்படியே உள்ள மடிச்சுக் கைத்தையல் போட்டுருங்க அக்கா" என்றார். மாஸ்டரின் தங்கச்சிக்குப் பிரசவம். சாயங்காலமே சத்தியமங்கலத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் துளசிமணி கொக்கி வைத்தார். கழுத்துக்கு ஹெம்மிங் அடித்தார். பிறகு உள்பக்கத்தைத் திருப்பினார். அந்த மீதித் துணி கண்ணை உறுத்தியது. மடித்தால் தடித்தது. பிரித்தால் தொங்கியது.

முப்பத்து நாலு கேட்ட பிள்ளைக்கு முப்பத்தெட்டுத் துணி எதற்கு? இதைப் பார்த்தால், உன்னால் முடியாது என்று நாமே எழுதிக் கொடுத்தது போல இருக்காதா? வைராக்கியமாக இருக்கிற பிள்ளை. பாவம், மனசு விட்டுப் போகும். இப்படியெல்லாம் யோசித்தார் துளசிமணி. யோசித்தது பாதி. பாதி, கை பரபரத்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்?

கத்திரியை எடுத்தார். நாலு பட்டைகளும் சரசரவென்று கீழே விழுந்தன. ஓரம் பிரியாமலிருக்க ஓவர்லாக் தையல் அடித்தார். உள்ளும் புறமும் ஒன்று போல இருந்தது. கம்பெனியாக இருந்தால் சூப்பர்வைசரே வந்து கை கொடுத்திருப்பார்.

வெட்டிய துணி கழிவு மூட்டைக்குப் போனது. மூட்டை வெள்ளிக்கிழமை வழக்கம்போலத் தலையணைக் கடைக்குப் போய்விட்டது.

மாஸ்டர் திரும்பி வந்தபோது ஜாக்கெட் கவரில் தொங்கியது. வெளியிலிருந்து பார்த்து, "நல்லா இருக்குதுங்க அக்கா" என்றார். முகூர்த்த சீசன். அதற்கு மேல் பார்க்க நேரமில்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, அளவு போட்டுப் பார்க்கச் சிந்துஜா அம்மாவோடு வந்தாள். புடவைப் பை அம்மாவின் கையில் இருந்தது.

பதினாறு படிதான். நடுவில் ஒரு முறை உட்கார்ந்துதான் ஏறினாள். வந்ததும், "மூஞ்சி எளைச்சிருக்குதுங்களா?" என்று கேட்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. உதடு வெடித்திருந்தது. மாஸ்டர் டேப்பைச் சுற்றும்போது கை தொட்டது. அந்த வெயில் வேளையிலும் பிள்ளையின் கை சில்லென்று இருந்தது.

"முப்பத்தாறரை" என்றார் மாஸ்டர்.

சிந்துஜா ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். பிறகு குரல் மட்டும் வந்தது.

"கொக்கி சேரலைங்க்கா. பரவால்லை. இன்னும் ரெண்டரை இஞ்சுதான். கடைசி மூணு நாள் தண்ணியையும் நிறுத்திட்டா வந்துருமுன்னு குரூப்ல சொல்லியிருக்காங்க."

"என்னது? தண்ணியையா?" என்று மாஸ்டர் எழுந்தார்.

திரை கம்பியோடு பிடுங்கிக்கொண்டு விழுந்தது. அதைப் பிடித்தபடியே சிந்துஜாவும் சரிந்தாள்.

"ஐயோ சாமி!" என்று துளசிமணி பாய்ந்து பிடித்தார். தலை தரையில் மோதவில்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு நடந்த நல்லது என்று அப்போது நினைத்தார்.

துப்பட்டாவைச் சுற்றி, எதிர் மாடி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டரம்மா நாடியைப் பிடித்தார். நெஞ்சில் குழாயை வைத்து வெகு நேரம் கேட்டார். ஈசிஜி எடுத்தார், ரத்தம் எடுத்தார், பாட்டில் ஏற்றினார். பிறகு அம்மாக்காரி பக்கம் திரும்பினார்.

"இதயத்துடிப்பே தடுமாறுதும்மா. உடம்புல உப்புச் சத்தெல்லாம் இறங்கிக் கிடக்கு. கல்யாணத் தேதி வெச்சிருக்கீங்க. இப்படியே இன்னும் நாலு நாள் போயிருந்தா, பொண்ணு இருந்திருக்குமா?"

அம்மாக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"பவுடர் இன்னியோட சரி. கஞ்சில ஆரம்பிங்க. ஒரேயடியா நெறையக் குடுத்துராதீங்க, அதுவும் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமா, நான் சொல்ற மாதிரி. ராத்திரி இங்கயே இருக்கட்டும்."

சாயங்காலம் சிந்துஜா கண்ணைத் திறந்து நன்றாகப் பேசினாள். பக்கத்தில் அரிசிக் கஞ்சி ஒரு டம்ளரில் இருந்தது. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

"எனக்குப் பசிக்குதுங்க்கா. பதினாலு நாளாப் பசிக்குது. யாருகிட்டயும் சொல்லலை."

மாஸ்டர் அவள் தலையைத் தடவினார்.

"அந்த ஜாக்கெட்டைக் கொஞ்சம் பிரிச்சு விட முடியுமுங்களா?" என்றாள். "முடியும்னா நான் சாப்புட்டுக்கறேன்."

"அதுக்குத்தான் உள்ள துணி விட்டு வெச்சிருக்கறேன்" என்றார் மாஸ்டர். "அக்கா, அதை எடுத்துட்டு வாங்க."

துளசிமணி எழுந்திருக்கவில்லை. கேட்கவில்லையோ என்று மாஸ்டர் மறுபடியும் கூப்பிட்டார்.

"இல்லீங் மாஸ்டர்" என்றார் துளசிமணி. "அந்தத் துணி இல்லை. நான் வெட்டிப்போட்டேன். பிசிறுன்னு நெனைச்சு வெட்டிப்போட்டேனுங்க."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ லட்சம் வெட்டியிருப்பார். ஒன்றைக்கூட ஒட்ட வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதில்லை. இப்போது ஆசைப்பட்டார். தலையணைக் கடைக்கு ஓடி, தலையணைகளைக் கிழித்துத் தேடலாமா என்றுகூட நினைத்தார்.

சிந்துஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க அழுவாதீங்க்கா. பத்து நாள்தானே? பவுடரையே குடிச்சுக்கறேன்."

கஞ்சி டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"கண்ணு, வேண்டாம் கண்ணு" என்றாள் அம்மாக்காரி. "கடையில வேற ரெடிமேட் ஜாக்கெட் வாங்கிக்கலாம்."

"முகூர்த்தப் புடவைக்கு வேற கலர் ஜாக்கெட்டா? அந்த அத்தை அதுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. எல்லாரும் பாப்பாங்கம்மா."

மாஸ்டர் துளசிமணியைத் திட்டவில்லை. அம்மாக்காரியிடம் கையை நீட்டினார். "புடவையைக் குடுங்க."

புடவையைப் பிரித்தார். முந்தானையைத் தொடவில்லை. அதற்கு மறுமுனையை, ஜாக்கெட் துணி வெட்டிய இடத்தை, கட்டிலின் மேல் விரித்தார். இடுப்பில் எப்போதும் இருக்கும் சாக்பீஸை எடுத்தார். டேப்பை வைத்து நாலு இஞ்சு அளந்து, குறுக்கே ஒரு கோடு போட்டார்.

அம்மாக்காரி பதறிப்போனாள். "என்னங்க பண்றீங்க? முகூர்த்தப் புடவைங்க மாஸ்டர்! கல்யாணத்துக்கு முன்னால அதுல மறுபடி கத்திரி வெக்கறதா? கெட்ட சகுனமுங்க!"

"கட்டிக்கப் போறது அம்முணி. அதுகிட்டக் கேக்கறேன்" என்றார் மாஸ்டர். சிந்துஜாவின் பக்கம் திரும்பினார். "இது இடுப்புக்குள்ள சொருகற முனை. கட்டினா வெளிய தெரியாது. இதுல ரெண்டு பட்டை வெட்டி, ஜாக்கெட்டுக்கு ரெண்டு சைடுலயும் குடுத்துருவேன். கை இறக்குனா அதுவும் தெரியாது. முப்பத்தெட்டு தாராளமா வரும். உள்ள மடிக்கக் கொஞ்சம் மீதியும் இருக்கும்."

"அதை நான் தொட மாட்டேனுங்க" என்றார் துளசிமணி அவசரமாக. அழுகைக்கு நடுவில் சிந்துஜாவுக்குச் சிரிப்பு வந்தது.

"உன் புடவை. நீ சொன்னாத்தான் வெட்டுவேன்" என்றார் மாஸ்டர்.

சிந்துஜா அந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெட்டிட்டா, நான் பவுடர் குடிக்க வேண்டியதில்லீங்களா?"

"வேண்டியதில்லை."

"அந்த அத்தை பழையபடி எதாச்சும் சொன்னா?"

"சொல்லுவாங்க. சாப்புட்டுட்டுக் கேட்டுக்கோ. தெம்பா இருக்கும்."

சிந்துஜா அம்மாவைப் பார்த்தாள். அம்மாக்காரி கட்டிலைச் சுற்றி வந்து, தள்ளி வைத்த டம்ளரைத் தானே எடுத்து மகள் கையில் கொடுத்தாள். "நானே வாங்கிக் குடுத்தனே அந்தப் பவுடரை" என்று ஒரு தரம் சொன்னாள். பிறகு, "குடி கண்ணு" என்றாள்.

"வெட்டுங்க்கா" என்றாள் சிந்துஜா. ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடி விழுங்கினாள். இன்னொரு வாய் குடித்தாள்.

மாஸ்டர் கத்திரியைப் பையிலிருந்து எடுத்தார். துளசிமணியிடம் நீட்டினார்.

"நீங்க வெட்டுங்க அக்கா."

துளசிமணி வாங்கிக்கொண்டார். கோட்டின் மேல் கத்திரியை வைத்தார். பட்டு மொடமொடவென்று விரலில் பட்டது. கை ஓடவில்லை. எதைக் கண்டாலும் வெட்டத் துடிக்கிற கை, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு துணிக்கு முன்னால் நின்றுவிட்டது.

"மாஸ்டர், தறியில இருந்து முழுசா வந்த புடவைங்க. ஒரு குறை இல்லாம இருக்குது. இதுல போயி நாலு இஞ்சு குறைக்கறதுங்களா?"

மாஸ்டர் புடவையின் மறுபக்கத்தைச் சுருங்காமல் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"நாலு இஞ்சு குறைஞ்சே ஆகோணும்னு கேட்டாங்களே அக்கா. புடவை குறையட்டும்."