பந்தலில் கேட்ட ஜெபம்

வேதமுத்து யாரையும் 'ஏல' என்று மரியாதைக் குறைவாகக் கூப்பிட்டவரல்ல. பால்காரர் தண்ணீரைத் தாராளமாக ஊற்றிவிட்டாலும், "தம்பி, இன்னைக்குக் கொஞ்சம் இளக்கமா இருக்கு" என்றுதான் சொல்லுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சபை ஊழியம் பழக வந்தவர். அவரைவிட வயதில் மிகவும் இளையவரான ஆயர் சுகிர்தாம்மாதான் அவருக்குக் குரு.

அப்படிப்பட்ட மனிதரின் முகத்துக்கு நேரே, சொந்தத் தங்கை ரெத்தினபாய் கதவைச் சாத்திவிட்டாள்.

விடிந்தால் சபையே கூடிச் சமைத்துச் சாப்பிடும் அசனப் பண்டிகை. கோயில் வளாகத்துப் பந்தலில் பாதிச் சபை கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தது. ஆயரும் ஒரு அரிவாள்மணையைப் பிடித்திருந்தார். வேதமுத்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் நடந்ததைச் சொன்னார்.

ரெத்தினபாயின் மகள் புருஷனை விட்டுவிட்டுத் தாய்வீடு வந்துவிட்டாள். கூடப்பிறந்தவன் என்று இவரிடம் மட்டும் சொல்லித் தங்கை அழுதிருக்கிறாள். இவருக்கு மனசு ஆறவில்லை. வியாழக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில், தங்கையும் உட்கார்ந்திருக்க, "ஆண்டவரே, வாழப்போன இடத்தில் வாழாமல் வந்த பிள்ளையைப் பாரும், என் அருமைத் தங்கச்சியின் கண்ணீரைத் துடையும்" என்று உருகி உருகி ஜெபித்திருக்கிறார். அன்று மூக்கை உறிஞ்சாதவர்கள் இல்லை. மறுநாள் மீன்குழம்போடு போனால், இவரைக் கண்டதும் கதவைச் சாத்திவிட்டாள். தாய் தகப்பன் போனபின் பிறந்த வீட்டு உறவென்று அவருக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

"ஒரு வார்த்தை கடிஞ்சு பேசலியேம்மா. அன்பாத்தான சொன்னேன்? எனக்கு ஒண்ணும் விளங்கல."

ஆயர் கையிலிருந்த காயை நறுக்கி முடித்தார்.

"தங்கச்சி இருக்கட்டும் அண்ணாச்சி. உங்க மனசுல என்ன பாரம்? அதைச் சொல்லுங்க."

இதென்ன, கேட்டது ஒன்று, வருவது ஒன்றாக இருக்கிறதே என்று வேதமுத்து மேலும் குழம்பினார். ஆனாலும் குரு கேட்டபின் மறைக்க முடியவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, காதோடு காதாகச் சொன்னார். பெங்களூரில் இருக்கிற மகன் இவர் ஃபோனை எடுப்பதேயில்லை. ஊரார் கேட்டால், 'தினமும் பேசுதான்' என்று சொல்லிச் சமாளித்து வருகிறார்.

ஆயரின் கண்கள் நிஜமாகவே கலங்கின. அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"எல்லாரும் கொஞ்சம் கண்ண மூடுங்க. நம்ம வேதமுத்து அண்ணாச்சிக்காக ஜெபிப்போம்."

பந்தல் அமைதியானது. வேதமுத்து மட்டும் கண்ணை மூடவில்லை. சுற்றியிருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"வேண்டாம்மா," என்றார்.

ஆயர் கையுயர்த்தினார். "ஆண்டவரே, அண்ணாச்சிய ஆசீர்வதியும். ஆமென்."

சபையும் ஆமென் சொல்லிவிட்டுக் கத்தரிக்காய்க்குத் திரும்பியது. வேதமுத்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆயர் உட்கார்ந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"வியாழக்கிழமை நீங்க ஜெபிக்கும்போது, தங்கச்சி முகம் எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?"

வேதமுத்து யோசித்துப் பார்த்தார்.

"தெரியலியேம்மா," என்றார். "நான் கண்ண மூடியிருந்தேன்."