நானூற்றுப் பன்னிரண்டு வலிமையுள்ள தாழ்ப்பாள்

சர்ர்ர்... சர்ர்ர்... டொக்.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் ரெஜினாவின் வீட்டுக் கதவில் இப்படி ஒரு சத்தம். நாயா, நரியா, ஆளா, தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையும் அவளுக்கு இல்லை. புருஷன் ஆழ்கடலுக்குப் போய்ப் பதினோரு நாள். தொட்டிலில் மூன்று மாதப் பிள்ளை. ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினாள். துருவேறிய தாழ்ப்பாள், ‘என்னால் ஆகாது தாயே’ என்பதுபோலக் கழன்று கையோடு வந்துவிட்டது.

விடியும்வரை கதவுக்கு முதுகைக் கொடுத்து, மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். தெரிந்த செபமெல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் பதினாறாம் வாய்ப்பாடு சொன்னாள்.

காலையில் கடைத்தெருவில் புது இரும்புத் தாழ்ப்பாள் வாங்கினாள். இருட்டுவதற்குள் அது கதவில் ஏறியாக வேண்டும். ஆனால் கொம்பந்துறையில் திருப்புளி பிடித்துத் திருகாணி முடுக்கத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அந்த மூன்று பேரும் ஒரே இடத்தில் இருந்தார்கள். ஊரின் தலையெழுத்து அது.

பழைய வலைக்கிடங்கில் ‘கொம்பந்துறைப் பொருட்சோதனைச் சாலை’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். தலைவர் சவரிராயன். நோட்டில் எழுதுவது இஞ்ஞாசி. சக்கரம் சுற்றுவது தொம்மை. எங்கோ மூடிப்போன ஆலையிலிருந்து வந்த ஓர் இயந்திரம் நடுவில் நின்றது. எதைக் கொடுத்தாலும் இரண்டு முனையையும் கவ்விக்கொள்ளும். சக்கரத்தைச் சுற்றினால் இழுக்கும். வட்ட முகத்தில் ஒரு முள் நகரும். கூடவே ஒரு தாளும் வந்திருந்தது: ‘பொருள் முறியும்வரை இழுக்கவும். முறியும்போது முள் காட்டும் எண்ணே பொருளின் வலிமை.’

அவர்கள் அந்தத் தாளைவிட்டு இம்மி பிசகியதில்லை. ஊரிலிருந்த நங்கூரச் சங்கிலி, கிணற்றுக் கயிறு, பங்குச் சாமியாரின் குடைக்கம்பி எல்லாவற்றின் வலிமையும் நோட்டில் இருந்தது. பொருள்கள்தாம் இல்லை.

“அண்ணே, இதைக் கதவுல மாட்டித் தரணும். உறுதியா இருக்கணும்,” என்றாள் ரெஜினா.

“உறுதியான்னு பாத்துருவோம் தங்கச்சி,” என்றார் சவரிராயன்.

பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு நிமிர்வதற்குள் தாழ்ப்பாள் இயந்திரத்தின் வாயில் இருந்தது. தொம்மை சுற்றினான். நூறு. இருநூறு. நானூறு. படீர்.

“நானூத்துப் பன்னிரண்டு,” என்றான் இஞ்ஞாசி. எண்ணின் கீழே இரண்டு கோடு போட்டான். எந்தத் தாழ்ப்பாளும் அதுவரை முந்நூற்றைத் தாண்டியதில்லை.

சவரிராயன் எழுந்து நின்று, முத்திரை குத்திய தாளோடு அதை அவளிடம் இரண்டு கையாலும் கொடுத்தார்.

“அண்ணே, இது ரெண்டா இருக்கே.”

“ஆமா. நானூத்துப் பன்னிரண்டு. இனி நிம்மதியாத் தூங்கு.”

“ரெண்டா இருக்கிறதை எப்படி மாட்டுறது?”

“உங்க வீட்டுல ரெட்டைக் கதவுதானே,” என்றான் தொம்மை. “பக்கத்துக்கு ஒண்ணா மாட்டலாம்.”

ரெஜினா மறுபடி கடைக்குப் போய், அதே மாதிரி இன்னொன்று வாங்கி வந்தாள். இந்தத் தடவை அதைக் கையிலிருந்து விடவில்லை.

“ஒரே கடை, ஒரே அச்சு. அதோட வலிமைதான் இதுக்கும். இதை இழுக்க வேண்டாம்.”

“இது படிச்ச பேச்சு. யோசிக்கணும்,” என்றார் சவரிராயன். மூவரும் தரையில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

“அண்ணனுக்கு அம்மை ஊசி போட்டாச்சுன்னு தம்பியை விட்டுருவோமா?” என்றான் தொம்மை.

“நான் எட்டாம் வகுப்பு பெயில். என் தம்பி பாஸு. ஒரே தாய் வயிறு,” என்றான் இஞ்ஞாசி.

அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பிள்ளை தும்மியது, ரெஜினா குனிந்தாள், தொம்மை பறித்தான். படீர். நானூற்று ஒன்பது.

“பாத்தியா? மூணு குறையுது. நல்லவேளை மாட்டல,” என்றார் சவரிராயன்.

“திருப்புளியைக் கொடுங்க. இன்னொண்ணு வாங்கி நானே மாட்டிக்கிறேன்.”

இஞ்ஞாசி நோட்டைப் புரட்டினான். “திருப்புளி, அறுநூத்து இருபது. செவ்வாய்க்கிழமையே முடிஞ்சது.”

பொழுது உச்சி சாய்ந்திருந்தது. ரெஜினா, “அப்போ ஒரு கட்டையையாவது குறுக்கே கொடுங்க,” என்றாள்.

“கட்டை தாங்கும். கதவு தாங்குமா?” என்றார் சவரிராயன்.

கடினம் பார்ப்பதற்கு அவரிடம் வேறொரு தாள் இருந்தது: ‘கனமான குண்டைப் பொருளின்மீது மோதவிட்டு, விழும் குழியின் ஆழத்தை அளக்கவும்.’ ஒரு தோணியின் நங்கூரக் கல்லைக் கயிற்றில் கட்டி, ரெஜினாவின் வீட்டு வாசல் வேப்பமரத்திலிருந்து ஊஞ்சல்போல வீசினார்கள். கல் கதவைத் துளைத்து உள்ளே போய், அடுப்படியில் உட்கார்ந்துகொண்டது.

இஞ்ஞாசி குழிக்குள் நூலை விட்டான். “அடி தட்டலையே அண்ணே.”

“தட்டுற வரைக்கும் போ.”

நூல் ஓட்டை வழியாக நுழைந்து, கூடத்தைத் தாண்டி, புறவாசல் வழியாக வெளியேறி, தென்னைகளுக்கு நடுவே போயிற்று. தொம்மை அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு கடலில் இடுப்பளவு இறங்கிவிட்டான். “இன்னும் அடி தெரியல,” என்று அங்கிருந்து கத்தினான்.

“இவ்வளவு ஆழமா ஒரு கதவை நான் பாத்ததில்ல,” என்றார் சவரிராயன்.

“ராத்திரி நானும் பிள்ளையும் எங்க படுக்கிறது?” என்று ரெஜினா கேட்டாள். அவர் நூலைப் பிடித்திருந்தார், காதில் விழவில்லை.

சூரியன் இறங்கிவிட்டது. அவள் பாயைச் சுருட்டினாள், பிள்ளையைத் தோளில் போட்டாள், நேராக வலைக்கிடங்குக்கு நடந்தாள். காவல்காரன் படுத்த இடமாதலால் அதற்குக் கனத்த கதவு. உட்பக்கம் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகத் தாழ்ப்பாள். உள்ளே போனாள். மேல்தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

நூலைச் சுற்றிக்கொண்டு வந்த மூவரும் கதவைத் தட்டினார்கள்.

“தங்கச்சி, திற. அது சோதிக்காத தாழ்ப்பாள்,” என்றார் சவரிராயன். “பச்சைப்பிள்ளையை வச்சுக்கிட்டு அதை நம்பிப் படுக்கலாமா?”

“படுத்தாச்சு அண்ணே.”

வேறு வழியில்லை. மூவரும் வெளிவளையத்தைப் பிடித்து இழுத்தார்கள். மண்ணில் காலூன்றி இழுத்தார்கள். நிலவு வரும்வரை இழுத்தார்கள். தாழ்ப்பாள் அசையவில்லை.

“முறியல. என்ன எழுதட்டும்?” என்றான் இஞ்ஞாசி.

சவரிராயன் தாளில் இருந்ததை மனப்பாடமாக ஒப்பித்தார். “முறியும்போது காட்டுற எண்தான் வலிமை. முறியவே இல்லைன்னா எண் ஏது? ‘வலிமை: இல்லை’ன்னு எழுது.”

எழுதினான். தொம்மைக்குக் கண் கலங்கியது. மனசாட்சி உள்ளவர்கள், அப்படியே விட்டுப்போக முடியவில்லை. கரித்துண்டு தேடி எடுத்து, கதவில் பெரிய எழுத்தில் எழுதினார்கள். உள்ளே இருப்பவளுக்கும் தெரியவேண்டும் என்று சவரிராயன் உரக்கப் படித்தார்:

“எச்சரிக்கை. இந்தத் தாழ்ப்பாள் இதுவரை ஒருதடவைகூட முறிந்ததில்லை.”

உள்ளே கீழ்த்தாழ்ப்பாளும் விழுந்தது.