கரையேறிய பிறகுதான் பெயர்

"எனக்கு ஒரு காரணம் வேணும்மா," என்றார் சடையப்பன். "ஒண்ணே ஒண்ணு போதும். நாளைக் காலையில பத்து மணிக்குள்ள."

நீலாயி அம்மை துவைத்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"எதுக்குக் காரணம், வாத்தியாரே?"

"வேணாம்னு சொல்றதுக்கு."

அம்மைக்கு முப்பத்து மூன்று வயது. சடையப்பனுக்கு ஐம்பத்து நான்கு. நரைத்த தலையோடு ஒரு மனுஷர் மகள் வயதுப் பெண்ணிடம் போய்க் கைகட்டி நிற்கிறாரே என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். அம்மை நாலெழுத்துப் படித்தவரில்லை, அருள்வாக்குச் சொல்கிறவரும் இல்லை. படித்துறைக்கு மேலே தனியாக இருந்தார். அவரிடம் போய் வந்தால் சடையப்பனுக்கு மனசு தெளிந்தது. அவ்வளவுதான்.

அம்மையின் சொந்த ஊர் அக்கரை. எப்போது வந்தார், எப்படி வந்தார் என்று சடையப்பன் கேட்டதில்லை.

அந்த ஆறு இரண்டு நாடுகளுக்கு நடுவே ஓடியது. இக்கரையில் ஒரு கோட்டை, அக்கரையில் ஒரு கோட்டை. இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வேலை செய்து யாரும் பார்த்ததில்லை.

இளையோர் நீச்சல் மன்றம் வெகுகாலமாக இருந்தது; சடையப்பன் பத்து வருஷமாக அதன் வாத்தியார். நாற்பது பிள்ளைகள். மழைக்கு முன்னால் பத்து நாள் பயிற்சி முகாம் நடக்கும். வெள்ளம் வந்துவிட்டால் பெரிய பிள்ளைகள் மன்றத்தின் இரண்டு பழைய படகுகளை எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். எந்தக் கரை ஆளானாலும் தூக்குவார்கள். கரை ஏறும்வரை பெயர் கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது. மன்றத்தில் சேரும் பிள்ளைக்கு முதலில் சொல்லித்தருவது அதைத்தான். நீச்சல் அதற்கப்புறம்.

"கோட்டையிலேர்ந்து ஆறு படகு தர்றாங்க," என்றார் சடையப்பன். "கயிறு, முகாமுக்குச் சாப்பாடு, பசங்களுக்குப் பனியன். எல்லாம் இனாம்."

"நல்லதுதானே?"

"படகுலயும் பனியன்லயும் கோட்டைச் சின்னம் இருக்கணுமாம். முகாமோட கடைசி நாள் பசங்க கோட்டை மைதானத்துல அணிவகுத்து நடக்கணுமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேணாம்னேன். மன்றத் தலைவர் உலகநாதன், 'ஏன்?'னு ஒரு வார்த்தை கேட்டாரு. சின்னப் பசங்கன்னு சொன்னேன், 'நாளைக்கே பெரியவங்க ஆயிடுவாங்க'ன்னாரு. கத்திப் படம் போட்டிருக்குன்னேன், 'படம் குத்துமாய்யா?'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு வாய் அடைச்சுப்போச்சு."

அவர் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"நாளைக்குக் கோட்டைத் தளபதியே வர்றாரு. நல்ல மனுஷன்தாம்மா, அவர்மேல எனக்குக் கோபமில்ல. ஆனா இது தப்புன்னு உள்ளுக்குள்ள ஏதோ சொல்லுது. காரணம் மட்டும் வரமாட்டேங்குது. நாளைக்கும் ஊமையா நின்னா, கையெழுத்துப் போட்டுடுவாங்க. நான் மன்றத்தை விட்டுப் போகவேண்டியதுதான்."

அம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"போட்டிருக்கிறது என்ன?"

சடையப்பன் குனிந்து பார்த்துக்கொண்டார். நெஞ்சு நிறைய, கோட்டைச் சின்னமான இரண்டு கத்திகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக இருந்தன.

"மாதிரிக்குக் குடுத்தாங்க," என்றார் அசடு வழிய. "அளவு பாக்கச் சொன்னாங்க. துணி நல்லா இருந்துச்சு..."

அம்மை பிழிந்த சேலையை வாளியில் போட்டார். படியிறங்கினார். ஆற்றுக்குள் போனார்.

முழங்கால், இடுப்பு, கழுத்து.

"அம்மா, அங்க ஆழம்!"

அம்மை நடு ஆற்றுக்கு நீந்திப் போனார். அங்கே கையைத் தூக்கினார். தலை ஒருமுறை முங்கி எழுந்தது. மறுபடி முங்கியது. உடனே எழவில்லை.

சடையப்பன் குதித்தார்.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற மாதிரியே போனார். முன்பக்கமாக, முகம் தெரிய, உள்ளங்கையை விரித்து நீட்டிக்கொண்டு.

"பயப்படாதீங்க, நான் இருக்கேன். கையைக் குடுங்க!"

அம்மை கையைப் பார்க்கவில்லை. அவர் நெஞ்சைப் பார்த்தார். சட்டென்று திரும்பி, இழுப்பு அதிகமாக இருந்த பக்கம் நீந்தினார்.

"அம்மா, விளையாடாதீங்க!"

நெருங்க நெருங்க அம்மை விலகினார். மூச்சு வாங்கியது. தண்ணீர் குடித்தார். பத்து வருஷத்தில் சடையப்பன் எத்தனையோ பேரைத் தூக்கியிருக்கிறார். தன்னைக் கண்டு விலகிப்போன ஒருவரை அவர் பார்த்ததில்லை.

அந்தக் கண்கள் எங்கே நிலைத்திருக்கின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது.

நீந்திக்கொண்டே பனியனைக் கழற்றினார். தண்ணீரில் விட்டார். அது சுழன்றுகொண்டு போயிற்று.

மறுபடி கையை நீட்டினார்.

அம்மை நகம் பதியப் பிடித்துக்கொண்டார்.

கரையில் இருவரும் வெகுநேரம் இருமினார்கள்.

"நடிச்சீங்களா?" என்றார் சடையப்பன்.

"பாதி."

"மீதி?"

"பதினேழு வயசுல இதே ஆத்துல, வெள்ளத்துல விழுந்தேன். இக்கரைக் கோட்டைப் படகுதான் முதல்ல வந்துச்சு. ஒருத்தர் கையை நீட்டினாரு. நல்ல முகம். ஆனா சட்டையில இதே கத்தியைப் பாத்தேன். எங்க ஊர்ல அதைச் சொல்லிப் பயங்காட்டித்தான் பிள்ளைங்களுக்குச் சோறு ஊட்டுவாங்க. நான் கையைக் குடுக்கல."

"அப்புறம்?"

"முங்கிட்டேன். ரெண்டு வளைவு தாண்டி இன்னொரு படகு வந்துச்சு. எல்லாம் பொடிசுங்க. ஒரே ஓட்டைப் படகு, ஒருத்தி தண்ணியை இறைச்சுக்கிட்டே வர்றா. தூக்கிப் போட்டாங்க. கரையேறின பிறகுதான் பேரு கேட்டாங்க."

சடையப்பன் எழுந்து அம்மையின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, வெற்று மார்போடு ஊருக்குள் நடந்தார். வழியில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

மறுநாள் பத்து மணிக்கு மன்றத்தில் தளபதி உட்கார்ந்திருந்தார். உலகநாதன் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"வாத்தியார் இன்னிக்காவது காரணம் சொல்வாரா?"

"சொல்றேன்," என்றார் சடையப்பன். "பதினாறு வருஷம் முன்னாடி அக்கரைப் பொண்ணு ஒருத்தி வெள்ளத்துல போனா. கோட்டைப் படகு முதல்ல போய்ச் சேர்ந்துச்சு. ஒருத்தர் கையை நீட்டினாரு. அவ..."

"குடுக்கல," என்றார் தளபதி.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"மஞ்சள் தாவணி," என்றார் தளபதி. "அந்தக் கை என்னோடது. ஒரு முழம்தான் இருந்துச்சு. என்னைப் பாத்துட்டு அவளா விலகிப் போனா. மறுநாளே என்னை வேற ஊருக்கு மாத்திட்டாங்க. இந்த வருஷம்தான் திரும்பி வந்தேன். நான் என்ன தப்புப் பண்ணேன்னு இன்னிவரைக்கும் தெரியல. இங்க பசங்க நீச்சல் கத்துக்கிறாங்கன்னு கேட்டதும் படகு குடுக்கணும்னு தோணினதே அவளாலதான்."

"ஐயா," என்றார் சடையப்பன், "அவங்க பொழச்சுட்டாங்க."

தளபதி நிமிர்ந்தார்.

"எங்க பசங்க தூக்கிட்டாங்க. படித்துறைக்கு மேல குடியிருக்காங்க. நேத்து என்கூட ஆத்துல நீந்தினாங்க. உங்க மேல தப்பில்லீங்க, சட்டையில இருந்த கத்தியைப் பாத்துத்தான் விலகினாங்க."

தளபதி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. கையை எடுத்தபோது, இரண்டும்தான் என்று தெரிந்தது. பதினாறு வருஷம் சுமந்ததை அந்த இடத்திலேயே இறக்கிவைத்துவிட்ட முகம் அது.

உலகநாதனுக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை.

"அப்போ, சின்னத்தைப் படகுல எந்தப் பக்கம் போடறதுங்க?"

தளபதி சடையப்பனைப் பார்த்தார்.

"அந்தப் பசங்க வந்த படகுல என்ன சின்னம் இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. ஓட்டைதான் இருந்துச்சு."

"ஓட்டையை அடைச்சுக்குங்க," என்றார் தளபதி. "மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."