காலியான ஆயில் டப்பா

எஞ்சினுக்குள் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் காற்றை முழுவதுமாக அடைத்துவிடும் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையைக் குலைப்பதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. ஆனால் யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். எந்த ரிங்கும் இதுவரை முழுவதும் அடைத்ததில்லை. எரியும் வாயுவில் கொஞ்சம் ஓரமாக நழுவிக் கீழே, எண்ணெய் நிற்கும் அறைக்குள் இறங்கும். இரண்டிரண்டு காராக நேர்கோட்டில் ஓடிக் கால் மைலைப் பன்னிரண்டு விநாடியில் கடக்கும் டிராக் ரேஸ் எஞ்சினில் இன்னும் அதிகமாக இறங்கும். இறங்கியது வெளியேற ஒரு குழாய் வேண்டும். போகிற காற்று கொஞ்சம் எண்ணெயையும் கூட்டிக்கொண்டு போகும் என்பதால், குழாயின் மறுமுனையில் அதைப் பிடிக்க ஒரு டப்பா வேண்டும்.

இது அந்த டப்பாவின் கதை.

கோயம்புத்தூரில் ரேஸ் எஞ்சின் கட்டுபவர் தமயந்தி. வயது முப்பத்தெட்டு. அவரிடம் தொழில் கற்க வந்த ஆறுச்சாமிக்கு ஐம்பத்து நான்கு. குருவை எப்படி அழைப்பது என்பதில் சீடருக்கு முதல் மாதம் பெரிய குழப்பம் இருந்தது. 'அம்மிணி' மரியாதைக் குறைவு, 'அம்மா' வயதுக்குப் பொருந்தாது. கடைசியில் 'டீச்சர்' என்று முடிவானது.

ஆறுச்சாமி அதற்குமுன் ஒரு பம்ப் செட் கம்பெனியில் கசிவு சோதிக்கும் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தவர். ஒரு சொட்டு கசிந்தாலும் பம்பின் நெற்றியில் சிவப்பு பெயிண்டில் பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்பியவர். கசிவு அவருக்குக் கோளாறு அல்ல, ஒழுக்கக்கேடு.

ஒன்றரை வருடம் கற்றபின் அவர் தன் கையால் கட்டிய முதல் எஞ்சின் ஒரு பழைய காரில் ஏறியது. ஓட்டியவள் அவருடைய மகள் நித்திலா. கைவிடப்பட்ட விமான ஓடுபாதை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலை நடந்த போட்டியில், அவள் அரையிறுதிக்குள் நுழைந்துவிட்டாள்.

ஆனால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் டப்பாவில் அரை டம்ளர் எண்ணெய் நின்றது. விதிப்படி அதை எல்லார் முன்னாலும் திறந்து காட்ட வேண்டும்.

பக்கத்து அணிக்காரர் எட்டிப் பார்த்தார். "சாமியண்ணா, செக்கு நல்லா ஓடுதாட்ட இருக்குது. கடலையா, எள்ளுங்களா?"

அரையிறுதிக்கு முன் ஆறுச்சாமி, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை நான்கு உருண்டையாகச் சுருட்டி டப்பாவுக்குள் திணித்தார். குழாயின் வாயிலும் இன்னொன்றை வைத்து அழுத்தினார்.

நித்திலா அரையிறுதியில் வென்றாள். டப்பாவைத் திறந்தபோது உள்ளே ஒரு சொட்டு இல்லை. ஆறுச்சாமி அதை வெள்ளித் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு தமயந்தியிடம் வந்தார்.

"டீச்சர், காலிங்க."

தமயந்தி பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். டப்பாவைப் பார்த்தார். கம்பி நாரையும் பார்த்தார்.

"எண்ணெய் எங்கீங்கண்ணா?"

"எஞ்சினுக்குள்ளயே நிக்குதுங்க. கசியறதை நிறுத்திட்டேன்."

"எப்படித் தெரியும்?"

"டப்பாவுல இல்லீங்களே."

தமயந்தி எழுந்துபோய் எஞ்சினை ஓடவிட்டார். டப்பாவுக்கு வரும் குழாயைக் கழற்றி அவர் பக்கம் நீட்டினார்.

"கையுறை போட்டுட்டு இந்தக் குழாயோட வாயை மூடிப் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது."

ஆறுச்சாமி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். தமயந்தி எஞ்சினின் வேகத்தைக் கூட்டினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு உள்ளிருந்து காற்று கையைத் தள்ளியது. அவர் இன்னும் இறுக்கினார். ஆயில் அளவு பார்க்கும் கம்பி தன் இடத்திலிருந்து துள்ளி எழுந்தது. பின்னாலேயே எண்ணெய் பீய்ச்சி அவர் சட்டையில் தோளிலிருந்து பாக்கெட் வரை ஒரு கோடு போட்டது.

தமயந்தி எஞ்சினை அணைத்தார்.

"இது வேற வழியில வந்துருச்சுங்க" என்றார் ஆறுச்சாமி.

"நீங்க நாரை அடைச்சப்ப அந்தக் கம்பி துள்ளலை. அப்ப எந்த வழியில போயிருக்கும்?"

ஆறுச்சாமி டார்ச்சை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்தார். எஞ்சினின் பின்பக்கத்தில் எண்ணெயை அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் வியர்த்திருந்தது. அங்கிருந்து அடித்தகட்டின் வழியே ஒரு மெல்லிய மினுமினுப்பு பின்னோக்கி ஓடியிருந்தது. வலது பின் டயரின் உள்விளிம்பில் அது முடிந்தது. வெளியே வந்து உட்கார்ந்தார். அடுத்த ஓட்டத்தில் அந்த டயர் நூற்றெண்பது கிலோமீட்டர் வேகத்தில் சுழல வேண்டும்.

நித்திலா ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு மடக்கு நாற்காலியில் இருந்தாள்.

தமயந்தி அவளிடம் கேட்டார். "போன ஓட்டத்துல வண்டி எப்படி இருந்துச்சு?"

"கடைசியில பின்னாடி லேசா வழுக்குச்சுங்க. ஆயில் வாசம் வந்துச்சு."

"அப்பாகிட்டச் சொன்னியா?"

நித்திலா ஹெல்மெட்டின் வாரை இழுத்துப் பார்த்தாள்.

"டப்பா காலின்னு ரொம்ப சந்தோஷமா இருந்தாருங்க."

மூவரும் வேலையில் இறங்கினார்கள். கம்பி நார் வெளியே வந்தது. குழாய்க்குப் பதில் அதைவிட அகலமான குழாய் போட்டார்கள். டயரைத் துடைத்தார்கள். பக்கத்து அணிக்காரர் தன்னிடம் இருந்த பெரிய டப்பா ஒன்றைக் கேட்காமலே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இறுதிப் போட்டிக்கு இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது.

"சீல் தாங்குங்களா டீச்சர்?"

"அழுத்தம் போயிருச்சு. தாங்கலாம்."

"அப்ப ஓட விடலாமுங்களா?"

தமயந்தி கையைத் துணியில் துடைத்தார்.

"எஞ்சின்கிட்டக் கேக்க வேண்டியதை நான் கேட்டாச்சுங்கண்ணா. மிச்சத்தை அவகிட்டக் கேளுங்க."

ஆறுச்சாமி ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்து மகளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். கேட்டார். நித்திலா முதலில் ஒன்றுமில்லை என்றாள். அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு அவள், அவரிடம் இதுவரை சொல்லாமல் விட்டதையெல்லாம், இந்த வருடம் பிப்ரவரியில் நடந்த ஒரு பயிற்சி ஓட்டத்திலிருந்து ஆரம்பித்தாள்.

பதினொன்றரைக்கு எதிரணிக் கார் தனியாக ஓடிக் கோப்பையை எடுத்துக்கொண்டது. அவள் அப்போது சொல்லிக்கொண்டே மே மாதம் வரை வந்திருந்தாள்.