ரோகிணிக்குப் போட்ட ஸ்டூல்

மதுரையில் மூளை அறுவை சிகிச்சை செய்துவந்த டாக்டர் வடிவாம்பாளிடம் மாயக்கண்ணன் பயிற்சி பெற்றுவந்தான். அவருடைய ஆய்வுக் கட்டுரைகளை வெளிநாட்டு மருத்துவர்களும் தேடிப் படித்தார்கள். அவரோ வார்டில் ஏதாவது ஒரு கட்டிலோரம் உட்கார்ந்து நோயாளி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மாயக்கண்ணன் தன் முதல் கட்டுரையை எழுதி முடித்திருந்தான். அனுப்பத் துணிவு வரவில்லை. ஒரு மாலை அவர் அறை வாசலில் போய் நின்றான்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"உள்ள வந்து கேளு. வாசல்லயே நின்னா அதுக்குப் பேர் சந்தேகம் இல்ல, பயம்."

உள்ளே போனான்.

"புது முறையில ஆபரேஷன் பண்ணவங்க எல்லாரும் நல்லா இருக்காங்க மேடம். ஒருத்தருக்கு மட்டும் வலது கை விழுந்துபோச்சு. அவரைச் சேர்த்தா பெரிய இதழ்ல எடுக்க மாட்டாங்க. அதுல வந்தாத்தான் எனக்கு ஜப்பான்ல ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்கும்."

"சேர்க்கலைன்னா?"

"யாருக்கும் தெரியாது. அவர் செக்கப்புக்கே வர்றதில்ல. விட்டுடுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க."

"நீ என்ன சொல்ற?"

"சேர்க்கணும்னுதான் தோணுது. ஆனா, சின்ன இதழ்ல எங்கயோ ஒரு மூலையில வந்தா யார் மேடம் படிப்பாங்க?"

அவர் மேசையிலிருந்த ஒரு கேஸ் ஷீட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

"காலைல சாந்தாராம் கேஸ் இருக்குல்ல? எல்லா ஏற்பாட்டையும் நீயே பண்ணிடு."

சாந்தாராம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர். மூளையில் பேச்சுக்கான பகுதியை ஒட்டி அவருக்குக் கட்டி. மண்டையோட்டைத் திறந்தபின் அவரை விழிக்க வைத்துப் பேச விட வேண்டும். மெல்லிய மின்முனையால் மூளையை அங்கங்கே தொடுவார்கள். தொட்டதும் எங்கே பேச்சு நிற்கிறதோ, அந்த இடத்தை விட்டுவிட்டுக் கட்டியை எடுப்பார்கள்.

மறுநாள் மாயக்கண்ணன் ஒன்றையும் மறக்கவில்லை. சாந்தாராமின் முகத்துக்கு நேரே ஒரு ஸ்டூலைப் போட்டான். அவருடைய மகள் ரோகிணிக்குப் பச்சை அங்கியும் முகமூடியும் மாட்டி அதில் உட்கார வைத்தான்.

"யார் வந்திருக்காங்கன்னு தெரியுதா சார்?"

"என் பொண்ணுதான் தம்பி. முகமூடிக்கு மேலயும் முறைக்கிறாளே."

நர்ஸுகள் சிரித்தார்கள்.

வடிவாம்பாள் மின்முனையால் மூளையைத் தொட்டுக்கொண்டே வர, மாயக்கண்ணன் படங்களைக் காட்டினான். குடை, சாவி, பூட்டு. சாந்தாராம் தமிழில் தடையில்லாமல் சொன்னார். பிறகு அதே படங்களைக் காட்டி, ரோகிணி வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில் கேட்டாள். பூட்டு வந்தபோது அவர் உதடுகள் அசைந்தன. சொல் வரவில்லை.

"சொல்ல முடியலை டாக்டர்," என்றாள் ரோகிணி.

வடிவாம்பாள் மின்முனையை அதே இடத்தில் மறுபடி வைத்தார். "தமிழ்ல கேளு."

"பூட்டு," என்றார் சாந்தாராம் உடனே.

வடிவாம்பாள் அந்த இடத்தில் ஒரு சிறு காகிதத் துண்டை வைத்து அடையாளம் செய்தார்.

"அதை மட்டும் தொட்டுடாதீங்க டாக்டரம்மா. என் சம்சாரத்தோட சண்டை போடத் தமிழ் பத்தாது."

கத்தி அந்தக் காகிதத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

எல்லாம் முடிந்து இருவரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பொண்ணை எதுக்கு உட்கார வச்ச?"

"வீட்டு மொழி தெரிஞ்ச ஆள் பக்கத்துல இருக்கணுமே மேடம்."

"யார் சொன்னா?"

அவன் யோசித்துப் பார்த்தான்.

"யாரும் சொல்லலை. எல்லா ஊர்லயும் அப்படித்தானே பண்றாங்க."

வடிவாம்பாள் குழாயை மூடினார்.

"முன்னல்லாம் தமிழ்ல மட்டும்தான் கேட்போம். லலிதான்னு ஒரு பொண்ணு. எல்லாப் படத்துக்கும் பேர் சொன்னா. மறுநாள் நர்ஸுகளோட நல்லாப் பேசினா. அவங்கம்மா வந்து சௌராஷ்டிரத்துல கூப்பிட்டப்போ பதில் வரலை. தமிழ்தான் நல்லா வருதே, இதைப் போய் எழுதணுமான்னு என்கிட்டயும் சொன்னாங்க. எழுதினேன். பெரிய இதழ் ஒண்ணும் எடுத்துக்கலை. சின்ன இதழ்ல ஒரு மூலையில வந்துச்சு."

அவருடைய கட்டுரைகள் எல்லாவற்றையும் படித்துவிட்டதாகத்தான் மாயக்கண்ணன் நினைத்திருந்தான்.

"அந்தக் கட்டுரையை நான் பார்த்ததே இல்லையே மேடம்."

"பார்க்காமத்தானே ஸ்டூல் போட்ட," என்றார் அவர்.